400 கஸ்டமர் மெயில் ஐடிய எப்படி குரூப்பா வைக்கிறது? ட்ரிம்ஸ் சப்ளையர் ஒருத்தர் கேட்ட கேள்விக்கு என் பதில்

நீங்க கேட்டது இதுதான்: திருப்பூர்ல எலாஸ்டிக், ஜிப், பட்டன், வாஷ்கேர் லேபிள்னு ட்ரிம்ஸ் சப்ளை பண்றீங்க, எக்ஸெல்ல 400 மெயில் ஐடி இருக்கு, அதுபோக டப்பா நிறைய விசிட்டிங் கார்டு இருக்கு, ரேட் மாறும்போதும் புது சாம்பிள் வரும்போதும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல மெயில் போகணும், அதுக்கு அவுட்லுக்ல குரூப் எப்படிப் போடறது, இல்ல ஜிமெயிலே போதுமான்னு கேட்டிருக்கீங்க. குரூப் போடறது அஞ்சு நிமிஷ வேலை, அதையும் சொல்றேன். ஆனா உங்களுக்கு உண்மையில வேண்டியது அது மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். ஒருத்தருக்குக் குடுத்த ரேட் இன்னொருத்தர் கண்ணுல படக்கூடாது, அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு பட்டன் கேட்டலாக் போகக்கூடாது, ஒரு வருஷம் கழிச்சும் அந்த லிஸ்ட்ட நம்பி மெயில் அனுப்ப முடியணும். இதெல்லாம் குரூப் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே முடிவாகிற விஷயம். எக்ஸ்போர்ட் ஆபீஸ், பையிங் ஹவுஸ், சின்ன சப்ளையர்னு பல இடத்துக்கு மெயில், சிஸ்டம் வேலை வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றவன்ங்கிற முறையில சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல் விஷயம், உங்க எக்ஸெல்தான் மூலம், அவுட்லுக்கும் ஜிமெயிலும் அதுல இருந்து எடுத்துக்கிற பிரதி மட்டும்தான்னு வச்சுக்கங்க. அதனால எதையும் உள்ள ஏத்துறதுக்கு முன்னாடி அந்த ஷீட்ட சரி பண்ணுங்க. ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு செல்லுக்கு ஒரு மெயில் ஐடி. நிறைய பேர் ஒரே செல்லுல கமா போட்டு மூணு ஐடி வச்சிருப்பாங்க, இம்போர்ட் பண்ணும்போது அது அப்படியே ஒரே ஐடியா போய் உக்காந்து எதுக்குமே மெயில் போகாது. கம்பெனி, ஆள் பேரு, அவர் அங்க என்ன வேலை பாக்குறார், மெயில், போன், ஊரு, என்ன சாமான் வாங்குறார், எந்த ரேட், இந்த ஐடி நமக்கு எப்படிக் கிடைச்சது, இவ்வளவு காலம், அதாவது எக்ஸெல் நெடுவரிசை, போதும். கடைசியா சொன்னத யாரும் வைக்க மாட்டாங்க, ஆனா நாளைக்கு ஒருத்தர் போன் பண்ணி என் ஐடி உங்களுக்கு யார் குடுத்தான்னு கேட்டா பதில் வேணும்ல, அதுக்குத்தான்.

ஒரே கம்பெனி மூணு விதமா எழுதியிருக்கும், நிட்ஸ், நிட்வேர், நிட் ஃபேஷன்ஸ்னு, அத பேர வச்சு சேர்க்கப் போனா தலைவலிதான். அதுக்கு நான் எல்லாருக்கும் சொல்றது, ஜிஎஸ்டி நம்பர ஒரு காலமா சேருங்க. பில் போட்ட பார்ட்டி எல்லாருக்கும் உங்க டாலி கணக்கு சாஃப்ட்வேர்லயே இருக்கும். 15 எழுத்து நம்பர்ல முதல் ரெண்டு மாநிலம், தமிழ்நாடுன்னா 33, அடுத்த 10 எழுத்து அவங்க பான் நம்பர். அதனால பெங்களூர் யூனிட்டுக்கு வேற ஜிஎஸ்டி நம்பர் இருந்தாலும் நடுவுல இருக்கிற பான் ஒன்னா இருந்தா ரெண்டும் ஒரே கம்பெனின்னு தெரிஞ்சிடும். ஷீட்ட அந்த காலத்துல வரிசைப்படுத்திப் பாருங்க, இரட்டிப்பெல்லாம் தானா பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும்.

எக்ஸெல் செய்யிற சில வேலைகள்லயும் கவனமா இருங்க. போன் நம்பர் காலத்த முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம் டைப் பண்ணுங்க, இல்லன்னா 91-ல ஆரம்பிக்கிற நீள நம்பரெல்லாம் நடுவுல புள்ளியும் ஈ-யும் போட்டுச் சுருங்கிடும், முன்னாடி இருக்கிற சைபரும் போயிடும். பேர தமிழ்ல அடிச்சிருந்தா இம்போர்ட் பண்றதுக்கு சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) சேவ் பண்ணும்போது சாதா சிஎஸ்வி எடுக்காதீங்க, சிஎஸ்வி யுடிஎஃப்-8னு தனியா ஒன்னு இருக்கும், அதை எடுங்க, இல்லன்னா பேருக்குப் பதிலா வெறும் கேள்விக்குறியா வரும். மெயில் ஐடிக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கிற ஸ்பேஸ ட்ரிம் ஃபார்முலா போட்டு எடுத்துடுங்க. ஜிமெயில் டாட் கான், யாஹூ டாட் கோம்னு தப்பா அடிச்சதெல்லாம் ஃபில்டர் போட்டாலே மாட்டிடும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், எப்படிப் பிரிக்கிறது. பெரும்பாலும் எல்லாரும் ஊர் வாரியா, இல்ல பெரிய கஸ்டமர் சின்ன கஸ்டமர்னு பிரிப்பாங்க. பாக்க நல்லா இருக்கும், மெயில் அனுப்பும்போது உதவாது. நீங்க தலைகீழா வாங்க, ஒரு வருஷத்துல என்னென்ன மெயில் அனுப்பப் போறீங்கன்னு முதல்ல எழுதுங்க. ரேட் மாத்தம், புது சாம்பிள், ஸ்டாக் கிளியரன்ஸ், பொங்கல் தீபாவளி லீவு அறிவிப்பு, பேங்க் அக்கவுண்ட் இல்ல அட்ரஸ் மாறினா அது, பாக்கி நினைவூட்டல். ஒவ்வொன்னும் யாருக்குப் போகணும்னு பக்கத்துல எழுதினா குரூப் தானா வந்துடும். புது சாம்பிள்னா மெர்ச்சண்டைசருக்கும் (கம்பெனியில ஆர்டர பாத்துக்கிறவர்) பர்ச்சேஸுக்கும். லீவுன்னா அவங்களோட ஸ்டோர்ஸுக்கும் சேர்த்து, ஏன்னா சரக்கு இறக்குறது அவங்கதான். பேங்க் விவரம்னா அக்கவுண்ட்ஸுக்கு மட்டும், அதையும் மெயில் அனுப்பிட்டு போன்ல ஒரு தடவ உறுதி பண்ணுங்க, பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு போலி மெயில் அனுப்பி பணத்த அடிக்கிற மோசடி ஏற்றுமதி தொழில்ல இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். பாக்கி நினைவூட்டல குரூப்ல அனுப்பவே அனுப்பாதீங்க. அது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, தொகையும் பில் நம்பரும் போட்டுப் போகணும்.

ரேட் விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கணும். எல்லாருக்கும் ஒரே ரேட் குடுக்கிற சப்ளையர நான் பாத்ததில்ல. அளவு, பேமெண்ட் டைம், பழக்கம்னு ரெண்டு மூணு ரேட் இருக்கத்தான் செய்யும். அப்ப ரேட் குரூப் மட்டும் ஒன்னோட ஒன்னு கலக்காம இருக்கணும், ஒரு ஆள் ஒரே ஒரு ரேட் குரூப்லதான் இருக்கலாம், மத்த குரூப்ல எத்தனையில வேணா இருக்கட்டும். ஒரே கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் ரெண்டு ரேட் குரூப்ல மாட்டினா கதை முடிஞ்சுது, மறுநாள் குறைஞ்ச ரேட்ட காட்டித்தான் பேசுவாங்க. இன்னொன்னு, அந்த குரூப்புக்கு ரேட் ஏ, ரேட் பி-ன்னு பேர் வைக்காதீங்க. அட்ரஸ் கட்டத்துல முதல் ரெண்டு எழுத்து அடிச்ச உடனே ரெண்டும் அடுத்தடுத்து வரும், அவசரத்துல என்டர் தட்டினா தப்பானது விழுந்துடும். முதல் எழுத்தே வேற வேறயா இருக்கிற மாதிரி, மல்லி, தாமரைன்னு உங்களுக்கு மட்டும் புரியிற பேரா வைங்க. அவுட்லுக் குரூப்போ கூகுள் லேபிளோ, அனுப்பும்போது தனித்தனி ஐடியா பிரிஞ்சுதான் போகும், அதனால அந்தப் பேரு வாங்குறவங்களுக்குத் தெரியாது.

சரி, அவுட்லுக். பழைய அவுட்லுக்னா, அதாவது கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற கிளாசிக், பீப்பிள் பக்கத்துக்குப் போனா நியூ கான்டாக்ட் குரூப்னு இருக்கும், கன்ட்ரோல் ஷிஃப்ட் எல் அமுக்கினாலும் வரும். பேர் குடுத்து, ஆட் மெம்பர்ஸ்ல போய் கான்டாக்ட்ஸ்ல இருந்து ஆளுங்கள எடுத்துப் போட்டு சேவ் பண்ணா முடிஞ்சது. 2007 வரைக்கும் இதுக்கு டிஸ்ட்ரிப்யூஷன் லிஸ்ட்னு பேரு, 2010 அவுட்லுக்ல இருந்துதான் கான்டாக்ட் குரூப், புது அவுட்லுக்லயும் வெப்லயும் கான்டாக்ட் லிஸ்ட்னு இருக்கும், வேலை ஒன்னுதான். மெனு இருக்கிற இடம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுது, அதனால நான் சொன்ன இடத்துல இல்லன்னா பேர வச்சு தேடுங்க. கிளாசிக்ல ஒரு சிக்கல் உண்டு. ஒரு கஸ்டமரோட ஐடிய கான்டாக்ட்ல மாத்தினீங்கன்னா குரூப்புக்குள்ள பழைய ஐடியே இருக்கும், குரூப்ப திறந்து அப்டேட் நவ்னு ஒரு பட்டன தட்டினாத்தான் புதுசு உள்ள வரும். இது தெரியாம, ஐடி மாத்தியாச்சே ஏன் மெயில் போகலைன்னு எத்தனையோ ஆபீஸ்ல கேட்டிருக்காங்க.

அதனால கிளாசிக் அவுட்லுக்ல நான் குரூப்ப விட கேட்டகிரியத்தான் நம்புவேன். கலர் கலரா இருக்கே அதேதான். எக்ஸெல்ல கேட்டகிரின்னு ஒரு காலம் வச்சு அதுல மெர்ச், அக்கவுண்ட்ஸ், மல்லின்னு எழுதி இம்போர்ட் பண்ணும்போது அந்த காலத்த அவுட்லுக்கோட கேட்டகிரீஸ் ஃபீல்டுக்கு இழுத்து விட்டா 400 பேருக்கும் ஒரே தடவையில ஒட்டிடும். அப்புறம் கான்டாக்ட்ஸ லிஸ்ட் வியூவுல வச்சு கேட்டகிரி வாரியா பிரிச்சு, வேண்டியவங்கள செலக்ட் பண்ணி, மேல இருக்கிற மெயில் மெர்ஜ குடுத்தா வேர்டு திறந்து, அந்த ஆளுங்களுக்கு மட்டும், ஒவ்வொருத்தர் பேரும் போட்டு தனித்தனி மெயிலா போகும். யார் ஐடியும் யாருக்கும் தெரியாது. குறை என்னன்னா, வேர்டு மெர்ஜ்ல ஃபைல் அட்டாச் பண்ண முடியாது, சிசியும் போட முடியாது. ரேட் லிஸ்ட்ட மெயிலுக்குள்ளேயே டேபிளா போடுங்க, கேட்டலாக்க டிரைவ்ல ஏத்தி லிங்க் குடுங்க. பெரிய பிடிஎஃப்ப 400 பேருக்கு அட்டாச் பண்றது எப்படியும் நல்ல பழக்கம் இல்ல.

ஜிமெயில்னா குரூப்புக்குப் பதிலா லேபிள். கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்துல இடது பக்கம் லேபிள் போடலாம், ஒரு ஆளுக்கு எத்தனை லேபிள் வேணும்னாலும் ஒட்டலாம், ஐடிய ஒரு இடத்துல மாத்தினா எல்லா லேபிள்லயும் மாறிடும், இந்த ஒரு விஷயத்துல அவுட்லுக்க விட இது மேல். மெயில் எழுதும்போது லேபிள் பேர அடிச்சா எல்லாரும் வந்து விழுவாங்க. இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கான்டாக்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணி அந்த சிஎஸ்வியோட தலைப்பு வரிசை எப்படி இருக்குன்னு பாத்து, அதே தலைப்புக்குக் கீழ உங்க டேட்டாவ ஒட்டினா எதுவும் இடம் மாறாது. தப்பாயிடுச்சுன்னா பயப்பட வேண்டாம், செட்டிங்ஸ் பக்கம் அன்டு சேஞ்சஸ் இருக்கு, 30 நாள் வரைக்கும் பழைய நிலைக்குத் திருப்பிடலாம். லேபிள டெலிட் பண்ணும்போது மட்டும் நிதானமா படிங்க, லேபிள் மட்டும் போகட்டுமா இல்ல அதுல இருக்கிற ஆளுங்களும் போகட்டுமான்னு கேக்கும், ரெண்டாவத தட்டினா மொத்த கஸ்டமரும் போயிடுவாங்க.

மெர்ஜ் பண்ண வசதி இல்ல, ஒரே மெயில்தான் எல்லாருக்கும்னா டூ-ல உங்க சொந்த ஐடி, குரூப் பிசிசியில, அதாவது அதுல இருக்கிற ஐடி வேற யாருக்கும் தெரியாத கட்டத்துல. இதுல விதிவிலக்கே கிடையாது. குரூப்ப டூ-ல போட்டா குரூப் பேர் மட்டும்தான் தெரியும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, மொத்த ஐடியும் விரிஞ்சு எல்லாருக்கும் தெரியும். அதுல உங்க போட்டிக்காரரோட நண்பர் ஒருத்தர் இருந்தாலும் போதும், பல வருஷமா சேத்த கஸ்டமர் லிஸ்ட் ஒரு நொடியில கை மாறிடும். ஒருத்தர் ரிப்ளை ஆல் அடிச்சு, ரேட் ரொம்ப ஜாஸ்தின்னு எழுதினா அது 400 பேருக்கும் போகும். யூரோப் பையர்களோட ஆளுங்க உங்க லிஸ்ட்ல இருந்தா இன்னும் கவனம் வேணும், 2018-ல இருந்து அங்க ஜிடிபிஆர்னு தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஆள் பேர் இருக்கிற ஆபீஸ் ஐடியும் அதுல தனிப்பட்ட தகவல்தான். நம்ம நாட்டுலயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அது உங்க அளவு கம்பெனிய எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்ங்கிறத வக்கீல்கிட்டதான் கேக்கணும், அது என் துறை இல்ல. ஆனா சட்டம் எப்படி இருந்தாலும் பிசிசி போடறதும், அனுப்ப வேண்டாம்னு சொன்னவங்கள விட்டுடறதும் சரியான மரியாதை.

அனுப்புற அளவு பத்தி. சாதா ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேர் வரைக்கும்தான், கம்பெனிகளுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் காசு கட்டி வச்சிருந்தா ஒரு நாளைக்கு 2000 மெயில். தாண்டினா கொஞ்ச நேரத்துக்கு, ஒரு நாள் வரைக்கும்கூட, அனுப்ப விடாது. 400 பேர்ங்கிறது அந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்கு, அன்னைக்கு நீங்க வழக்கமா அனுப்புற மெயிலும் அதே கணக்குலதான் சேரும், அதனால ரெண்டு நாளா பிரிச்சு அனுப்புங்க. டொமைன் வாங்கின இடத்துலயே குடுத்த ஹோஸ்டிங் மெயில்னா மணிக்கு இவ்வளவுன்னு தனி வரம்பு இருக்கும், அது கம்பெனிக்குக் கம்பெனி வேற, கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. 2024 பிப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடி ஆயிட்டாங்க, கூகுள் கணக்குல ஜிமெயில் ஐடிகளுக்கு நாளைக்கு 5000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்க டொமைன்ல இருந்துதான் வந்துச்சான்னு சரிபாக்கிற செட்டிங்) மூணும் கட்டாயம், ஒரே கிளிக்ல விலகுற வசதியும் வேணும். நீங்க அந்த அளவு இல்ல, ஆனா சின்ன அளவுல அனுப்புறவங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்ல டிகேஐஎம் ஒன்னாவது இருக்கணும்னு வச்சிருக்காங்க. சொந்த டொமைன் வச்சிருந்தா மூணையுமே போடச் சொல்லுங்க, தெரிஞ்சவங்களுக்கு அரை மணி நேர வேலை. இதெல்லாம் பண்ணா ஸ்பேம்ல விழவே விழாதான்னு கேட்டா, அப்படி யாரும் உறுதி குடுக்க முடியாது. ஸ்பேம் ஃபில்டர் எதை வச்சு முடிவு பண்ணுதுங்கிறதுல பாதி அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு மட்டுமே தெரியும். பிசிசியில பெரிய கூட்டத்துக்கு அனுப்புற மெயில விட பேர் போட்டுத் தனித்தனியா போற மெயில் நல்லா போய்ச் சேருதுங்கிறது என் அனுபவம், ஆனா இதை ஆதாரத்தோட நிரூபிக்க என்னால முடியாது. லிஸ்ட் ஆயிரக்கணக்குல போச்சுன்னா ஜோஹோ கேம்பெயின்ஸ், மெயில்சிம்ப் மாதிரி இதுக்குன்னே இருக்கிற சர்வீஸுக்கு மாறிடுங்க. 400-க்கு இப்போதைக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்குன்னு உங்க கேள்விக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார். சாதா வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுவும் உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போகும். சாம்பிள் போட்டோவுக்கு அது நல்லது. ரேட் மாத்தம் மெயில்லதான் இருக்கணும், மூணு மாசம் கழிச்சு பில்லுல தகராறு வந்தா தேதியோட தேடி எடுக்க அதுதான் கை குடுக்கும்.

கடைசியா பராமரிப்பு, பெரும்பாலான லிஸ்ட் வீணாப் போறது இங்கதான். நம்ம ஊர்ல மெர்ச்சண்டைசர் கம்பெனி மாறிட்டே இருப்பாங்க, இது உங்களுக்கே தெரியும். ஆள் மாறினா பழைய ஐடி ஒன்னு பவுன்ஸ் ஆகும், அதாவது மெயில் போய்ச் சேராம திரும்பி வரும், இல்லன்னா அவர் இடத்துக்கு வந்தவர் பாத்துட்டு இருப்பார், உங்க பழைய ஆள நம்பி நீங்க எழுதினது அவருக்குப் போகும். அதனால ஆள் ஐடியோட சேர்த்து பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ்னு பொதுவான ஐடி ஒன்னும் கேட்டு வாங்கி வைங்க. ஆள் வேற கம்பெனிக்குப் போயிட்டா பழைய வரிய திருத்தாதீங்க, புது கம்பெனிக்கு புது வரி போடுங்க, பழசுல விலகிட்டார்னு எழுதுங்க, அப்பதான் பழைய கம்பெனியில இப்ப யாரும் இல்லைங்கிறது கண்ணுல படும். ஒவ்வொரு தடவ மொத்தமா அனுப்பின பிறகும் மெயிலர் டீமன்கிற பேர்ல சர்வர்ல இருந்து தானா திரும்பி வர்ற மெயில திறந்து பாருங்க, 550 5.1.1னு இருந்தா அந்த ஐடியே இல்லன்னு அர்த்தம், அன்னைக்கே லிஸ்ட்ல இருந்து எடுங்க. மெயில்பாக்ஸ் ஃபுல்னு வந்தா விட்டு அடுத்த தடவ பாக்கலாம். வேண்டாம்னு சொன்னவங்கள மட்டும் டெலிட் பண்ணாதீங்க, அனுப்பாதேன்னு தனியா ஒரு காலம் போட்டு அதுல குறிச்சு ஷீட்லயே வைங்க. டெலிட் பண்ணா அடுத்த எக்ஸ்போ முடிஞ்சு விசிட்டிங் கார்டு ஏத்தும்போது அவரே திரும்பவும் உள்ள வந்துடுவார்.

இந்த ஷீட்டுக்கும் கான்டாக்ட்ஸுக்கும் பொறுப்பா ஒரே ஒரு ஆள் இருக்கணும், அது கம்பெனி மெயில் அக்கவுண்ட்ல இருக்கணும், மார்க்கெட்டிங் பையனோட சொந்த ஜிமெயில்லயோ போன்லயோ இல்ல. அவர் வேலைய விட்டுப் போகும்போது லிஸ்ட்டும் கூடவே போறத நான் நிறைய ஆபீஸ்ல பாத்துட்டேன், போனவர் மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஆரம்பத்துல அங்க வச்சதுதான் காரணம். மாசம் ஒரு தடவ எக்ஸ்போர்ட் பண்ணி தேதி போட்டு வைங்க.

இப்ப உடனே பண்ண வேண்டியது: 400-ஐயும் ஒரே நாள்ல ஏத்த வேண்டாம். நல்லா பழகின கஸ்டமர் ஒரு 20 பேர மட்டும் எடுத்து, ஷீட்ட சரி பண்ணி, ஏத்தி, சாம்பிள் மெயில் ஒன்னு அனுப்புங்க. அதுல ரெண்டு மூணு பேருக்கு போன் போட்டு இன்பாக்ஸ்ல வந்துச்சா, ஸ்பேம்லயா, பேர் சரியா விழுந்திருக்கா, வேற யார் ஐடியாவது தெரியுதான்னு கேளுங்க. உங்க சொந்த ஜிமெயிலுக்கும் ஒன்னு அனுப்பி, அங்க மூணு புள்ளி மெனுவுல ஷோ ஒரிஜினல் குடுத்தா எஸ்பிஎஃப், டிகேஐஎம் பாஸான்னு மேலேயே காட்டும். அது ஃபெயில்னு வந்தா மீதி 380 பேருக்குப் போகாதீங்க, முதல்ல டொமைன் பாக்குறவர கூப்பிடுங்க. எந்த மெயில் சர்வீஸ் வச்சிருக்கீங்கன்னு நீங்க எழுதல, அதை சொன்னா அதுக்கு எந்த செட்டிங்னு இங்கேயே எழுதுறேன்.